டேங்குக்குள் ஒரு நீர்மூழ்கி மோட்டார்

பின் சீட்டைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அதற்கடியில் இருந்த வட்ட மூடியைத் திறந்தார் மெக்கானிக். பெட்ரோல் வாசம் பட்டறை முழுக்கப் பரவியது. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் பிளக்கை அவர் கழற்றவில்லை. அதன் முதுகுப் பக்கமாக மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் செருகி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. பம்ப் முனையில் 11.4 தான் காட்டியது.

"மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது. கரண்டுதான் வந்து சேரலீங்க" என்றார்.

கார் என் நண்பருடையது. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் உள்ள பழைய செடான். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்காகப் பெரிய டர்போ போட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வை மாற்றி அமைத்து, 400 குதிரைத்திறன் எடுக்க வேண்டும் என்று ஆறு மாதமாக உழைத்துக்கொண்டிருந்தார். பழைய பம்ப் பத்தாது என்று எல்லாரும் சொன்னதால், மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் ஒன்றை வாங்கிப் பொருத்தியும் இருந்தார். ஆனாலும் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டி முழுக்க மிதித்தால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது. டூப்ளிகேட் பம்ப்பை ஏமாந்து வாங்கிவிட்டோம் என்றே நினைத்தார்.

மெக்கானிக்கின் அப்பா பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டியவர். மகன் கார் பக்கம் வந்துவிட்டாலும் பார்வை அப்பாவுடையது. தண்ணீர் குறைகிறது என்று ஒரு விவசாயி வந்து நின்றால், மோட்டாரைத் தூக்குவதற்கு முன்னால் வோல்டேஜைப் பார், கிணற்றின் ஆழத்தைக் கேள், பைப்பைப் பார். கோவை வட்டாரத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரின் பெட்ரோல் பம்ப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இது வெறும் உவமை அல்ல. இரண்டும் ஒரே இயற்பியல்.

காற்றை எஞ்சின் தானே இழுத்துக்கொள்ளும். பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே பாயும். டர்போ இருந்தால் இன்னும் அழுத்தித் திணிக்கும். பெட்ரோல் அப்படி வராது. யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் அந்த வேலையைப் புவியீர்ப்பு பார்த்தது. டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் தானாக கார்புரேட்டருக்கு வழிந்து வரும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது எஞ்சின் டேங்கைவிட மேலே போய்விடும், பெட்ரோல் நின்றுவிடும். அதனால் ரிவர்ஸ் கியர் போட்டுப் பின்பக்கமாக மேடேறியவர்கள் உண்டு.

நம் அம்பாசடரில் டேங்க் பின்னால் இருந்தது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. ஒரு ரப்பர் திரை, அதை மேலும் கீழும் ஆட்ட கேம்ஷாஃப்டின் ஒரு தள்ளு, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் நெரிசலில் நின்றால் வண்டி அணைந்துவிடும். டிரைவர் இறங்கி, துணியைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பம்ப்பின் தலையில் போர்த்திவிட்டுக் காத்திருப்பார். என் வயதுக்காரர்கள் பலர் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்குபவை. பம்ப் ஆவியை உறிஞ்சித் திணறும். ஈரத்துணி அந்த ஆவியைத் திரும்ப பெட்ரோலாக்கியது.

கிணற்றிலும் இதேதான் நடந்தது. மேலே நின்று உறிஞ்சும் மோட்டாரால் ஏழெட்டு மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்க முடியாது. நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே திட்டு கட்டி மோட்டாரை இறக்கினார்கள். கடைசியில் மோட்டாரையே தண்ணீருக்குள் மூழ்கடித்துவிட்டார்கள். காரிலும் பம்ப் கடைசியில் டேங்குக்குள் இறங்கியது. மின்னணு இன்ஜெக்ஷன் 1967-ல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் மூலம் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. கார்புரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாக வந்தால் போதும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கோ பல பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் 32 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 2.2 பார். சாதாரண இன்ஜெக்டர் எஞ்சினில் எந்நேரமும் 3 அல்லது 4 பார் இருக்க வேண்டும். அதற்கு எரிபொருளுக்குள்ளேயே உட்கார்ந்து தள்ளும் மின்மோட்டார்தான் சரி.

பெட்ரோலுக்குள் மின்மோட்டார் என்றால் பயமாக இருக்கும். இன்னும் சொன்னால், பல பம்ப்களில் பெட்ரோல் மோட்டாரைச் சுற்றிப் போவதில்லை, மோட்டாரின் உடம்புக்குள்ளேயே, பொறி பறக்கும் கார்பன் பிரஷ்களை நனைத்துக்கொண்டு போகிறது. ஆனால் திரவ பெட்ரோலில் எரிவதற்கு ஆக்சிஜன் கிடையாது. டேங்கின் மேல்பகுதியில் காற்று இருந்தாலும் அதில் பெட்ரோல் ஆவி மிக அடர்த்தி. காற்றில் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். மூடிய டேங்கில் பொதுவாக அந்த எல்லையைத் தாண்டியே இருக்கும். டேங்கைத் திறந்து, பம்ப்பை வெளியே எடுத்து, அது வேலை செய்கிறதா என்று பக்கத்திலேயே வயர் கொடுத்துப் பார்க்கிறார்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெளியே காற்று உண்டு, ஆவி உண்டு, பொறியும் உண்டு. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

நண்பரின் 255 லிட்டருக்கு வருகிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால், எஞ்சின் ஒரு மணி நேரத்தில் குடிப்பது 3 லிட்டர்தான். முழுத் திறனில் கதை வேறு. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் கொடுக்க ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் எரிக்கும் என்பது, எஞ்சின்களை மாற்றியமைக்கும் ட்யூனர்கள் கணக்குப் போட வைத்திருக்கும் தோராயமான அளவு. 400 குதிரைத்திறனுக்கு 108 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக மணிக்கு சுமார் 146 லிட்டர். கையில் இருப்பதோ 255. தாராளம் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

பம்ப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜுக்கும் மட்டுமே உண்மை. 100 அடியிலிருந்து குடம் குடமாகக் கொட்டும் மோட்டார் 300 அடியில் கயிறு கயிறாகத்தான் விடும். பெட்ரோல் பம்ப்புக்கு ஆழம் என்பது அழுத்தம். அந்த 255 என்பது ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் கிடைப்பது. டர்போ எஞ்சினில் அழுத்தம் 3 பாரோடு நிற்பதில்லை.

இன்ஜெக்டரின் மூக்கு, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. டர்போ அங்கே 1.5 பார் காற்றழுத்தத்தை ஏற்றும்போது, அந்தக் காற்று இன்ஜெக்டரின் வாயை எதிர்த்துத் தள்ளுகிறது. பின்னால் 3 பார், முன்னால் 1.5 பார் என்றால் பெட்ரோலைத் தள்ளுவதற்கு மிச்சம் 1.5 தான். பாய்ச்சல் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வித்தியாசம் பாதியானால் பெட்ரோல் 29 சதவீதம் குறைந்துவிடும். எஞ்சினுக்கு அதிகம் வேண்டிய அதே நொடியில் இது நடக்கும். இதைச் சரிக்கட்டத்தான், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் போகிறது. மேனிஃபோல்டில் எவ்வளவு ஏறுகிறதோ, பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றிவிடும். 1.5 பார் பூஸ்ட் என்றால் பம்ப் 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். பெட்ரோலின் தேவை உச்சத்தைத் தொடும்போது பம்ப்பின் கிணறும் ஆழமாகிறது.

இதோடு வோல்டேஜும் குறைந்தால் எப்படி? காரில் இருப்பது டி.சி. மோட்டார்; வோல்டேஜ் இறங்கினால் சுற்று இறங்கும். அழுத்தம் அதிகமாக இருக்கும்போது அந்தச் சிறு இறக்கமே பெரிய இழப்பாகும், ஏனென்றால் சுற்றின் பெரும்பகுதி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கவே செலவாகிறது. பழைய பம்ப்புக்கு ஏற்ப கம்பெனி போட்ட வயர் மெல்லியது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் நீளத்துக்கு 0.086 ஓம் தடை தரும். 15 ஆம்பியர் இழுக்கும் பெரிய பம்ப் என்றால் 1.3 வோல்ட் அதிலேயே காணாமல் போகும். அதற்கு மேல் பழைய ரிலேயின் கருகிய முனை, துருப்பிடித்த கனெக்டர், பெயின்ட் மேல் இறுக்கிய எர்த். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அதே நீளத்தில் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்தான். வயரின் விலை பம்ப்பின் விலையில் ஒரு மூலைக்கு வராது. ஆனாலும் பெரிய பம்ப் வாங்குகிறவர்களில் பலர் வயரைத் தொடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குச் செலவழிக்கிறோம், தெரியாததை விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் விலை கொடுப்பது பிஸ்டன்.

அந்தப் பட்டறையின் அலமாரியில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. வேறு ஏதோ காருடையது. எக்ஸாஸ்ட் வால்வு பக்கமாக அதன் விளிம்பு, மெழுகுவர்த்தியின் ஓரம் போல உருகி ஒழுகி உறைந்திருக்கிறது. அதே எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். வெள்ளைப் பீங்கானின் மேல் உற்றுப் பார்த்தால் கடுகைவிடச் சின்னதாக வெள்ளி நிறப் பொட்டுகள். பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம் அது.

பெட்ரோல் பற்றாமல் போனால் எஞ்சின் நின்றுவிடும் என்றுதான் நினைப்போம். முழுச் சுமையில் அது நிற்பதில்லை, தொடர்ந்து ஓடிக்கொண்டே வேகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் டர்போ எஞ்சின் முழு மிதியில் 12-க்கும் குறைவான விகிதத்தில், வேண்டியதைவிட அதிக பெட்ரோலோடுதான் ஓட்டப்படும். அந்த உபரி ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கிறது. எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் உருகுவதோ 660 டிகிரியில். ஆனாலும் பிஸ்டன் பிழைத்திருக்கிறது, ஏனென்றால் அதன் மேற்பரப்பை ஒட்டி ஓரளவு குளிர்ந்த மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வை மாதிரி கிடக்கிறது. உபரி பெட்ரோல் குறைந்தால், கலவை தானாகவே வெடித்து எரியும் நாக்கிங் தொடங்கும். அந்த அதிர்வலைகள் போர்வையை உரித்து எறிந்துவிடும். பிறகு சில நொடிகள் போதும்.

அதனால்தான் சொல்கிறேன், பெரிய பம்ப் போட்டால் பவர் கூடும் என்று விற்பவர்கள் சொல்வது தவறு. மாற்றமில்லாத எஞ்சினில் 450 லிட்டர் பம்ப்பைப் போட்டால் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. இன்ஜெக்டர் எடுத்துக்கொள்வது போக மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். திரும்பும்போது வெறுங்கையோடு வராது. சூட்டையும் எடுத்து வரும். 4.5 பாரில் மணிக்கு 200 லிட்டர் தள்ளப் பெட்ரோலுக்குப் போய்ச் சேரும் பயனுள்ள சக்தி 25 வாட். பம்ப் இழுப்பதோ 120 வாட்டை ஒட்டி. மிச்சமுள்ள கிட்டத்தட்ட 95 வாட், டேங்குக்குள் பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதைப் போல, பெட்ரோலைச் சூடாக்குகிறது. நீர்மூழ்கி மோட்டாரைக் கிணற்றுத் தண்ணீர் குளிரவைப்பது போலவே இந்தப் பம்ப்பையும் பெட்ரோல்தான் குளிர்விக்கிறது. ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுவதே வழக்கமாக இருந்தால் பம்ப்பின் ஆயுள் குறையும். காயில் கட்டுகிறவரின் மகனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'தண்ணியில்லாம ஓடுன மோட்டாரு' என்ற ஒரு சொல் அவர்கள் வீட்டில் போதும்.

இந்தச் சூட்டைக் குறைக்க ஒரு வழி 1993-ல் வந்த டொயோட்டாவின் சுப்ரா காரில் இருந்தது. 2,997 சி.சி., ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ கொண்ட அந்த 2ஜே.இஸட் எஞ்சின் உலகெங்கும் ட்யூனர்களின் செல்லப்பிள்ளை. ஜப்பானில் 280, அமெரிக்காவில் 320 குதிரைத்திறன் என்று விற்றார்கள். ட்யூனர்கள் அதை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். அதில் பம்ப்புக்கென்றே தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. சாதாரண ஓட்டத்தில் குறைந்த வோல்டேஜ் கொடுத்துப் பம்ப்பை மெதுவாகச் சுற்றவிடும். டர்போ ஏறியதும் முழு வோல்டேஜ் கொடுக்கும். சத்தம், சூடு, தேய்மானம் எல்லாமே குறையும். பெரிய பம்ப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பெட்டியைத் தாண்டி நேரடி வயர் இழுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் பெரிய பம்ப்பின் கரண்டைத் தாங்க அது செய்யப்படவில்லை. நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டி செய்துவந்த நல்ல காரியமும் அதோடு போகிறது. இப்போது பிரஷ் இல்லாத பம்ப்கள், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் கட்டுப்பாட்டோடு வரத் தொடங்கியிருக்கின்றன; வசதி உள்ளவர்களுக்கு அதுவே நல்ல வழி.

இன்றைய கார்கள் பலவற்றில் ரிட்டர்ன் லைனே கிடையாது. சூடான பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி ஆவியாவதைத் தவிர்க்க, ரெகுலேட்டரை டேங்குக்குள் பம்ப்போடு சேர்த்தே வைத்துவிட்டார்கள். அங்கே அளவுக்கு மீறிய பம்ப்பைத் திணித்தால் அந்தச் சின்ன ரெகுலேட்டரால் உபரியை வழியவிட முடியாமல் அழுத்தம் ஏறிக்கொள்ளும். ஐட்லிங்கில் வண்டி கரும்புகை கக்கும். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் டேங்க் பம்ப் முதல் படி மட்டும்தான். எஞ்சினின் கேம்ஷாஃப்ட் இயக்கும் இன்னொரு பம்ப் 200 பார், புதியவற்றில் 350 பார் வரை ஏற்றும். அங்கே மேம்படுத்துவதென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

எத்தனாலும் கணக்கில் சேர வேண்டியது. ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றே போதும். திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு எத்தனால் அதிகம் வேண்டும். நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் இ20 பெட்ரோலுக்கு இந்தக் கூடுதல் தேவை ஏழெட்டு சதவீதம். ரேஸ் கார்களில் விரும்பிப் பயன்படுத்தும் 85 சதவீத எத்தனால் கலவைக்கோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எத்தனாலுக்கென்று செய்யப்படாத பம்ப்பின் உள்ளுறுப்புகளையும் ரப்பரையும் அது அரிக்கும்.

ரப்பர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பம்ப்பிலிருந்து டேங்க் மூடி வரை உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு ஹோஸ் ஒன்று உண்டு. எஞ்சின் பக்கம் போடும் நல்ல பெட்ரோல் ஹோஸையே வெட்டி அங்கே பொருத்திவிடுகிறார்கள். அந்த ஹோஸ் உள்ளே பெட்ரோலைத் தாங்கும், வெளியே தாங்காது. வெளிப்புற ரப்பர் ஊறி, உப்பி, ஒருநாள் வெடிக்கும். பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருக்க, எஞ்சினுக்கு அழுத்தம் இருக்காது. வெளியே ஒரு சொட்டு கசிவும் தெரியாது. மூழ்கிக் கிடக்கவென்றே தயாரிக்கும் ஹோஸுக்கு ஆர்10 என்று குறியீடு உண்டு. அரை மீட்டர் வாங்கினால் போதும்.

செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீடுவேயைப் போன்ற டிராக்குகளில் இன்னொரு தொல்லை காத்திருக்கும். அடுத்தடுத்து வளைவுகள். வளைவில் பெட்ரோல் டேங்கின் ஒரு சுவரில் ஏறி நிற்கும். கால் டேங்க்தான் இருக்கிறதென்றால் பம்ப்பின் வாய் காற்றைக் குடிக்கும். வளைவிலிருந்து வெளியேறி முழுக்க மிதிக்கும் நொடியில் குழாயில் குமிழ்கள் வந்து சேரும். இதற்காக ஓரிரண்டு லிட்டர் பிடிக்கும் சின்னத் தொட்டி ஒன்றை நடுவில் வைப்பார்கள். டேங்க் பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். இரண்டாவது பம்ப் அதிலிருந்து எஞ்சினுக்குத் தள்ளும். மேட்டில் தொட்டி கட்டி நிரப்பி வைத்துக்கொண்டு, அங்கிருந்து வயலுக்குப் பாய்ச்சுகிற ஏற்பாடுதான் இதுவும்.

இதெல்லாம் பொதுச் சாலைக்கல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உற்பத்தியாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

அன்று மாலை மெக்கானிக் செய்த சோதனையை நான் மறக்கமாட்டேன். ரிட்டர்ன் குழாயைக் கழற்றி அளவுக்கோடு போட்ட கேனுக்குள் விட்டார். எஞ்சினை அணைத்து, பேட்டரிக்கு இன்னொரு ஓடும் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்து, மீட்டரில் 13.8 நிற்கும்படி பார்த்துக்கொண்டார். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரெகுலேட்டரின் ரப்பர் குழாயைப் பிடுங்கி, அதில் ஒரு சைக்கிள் பம்ப்பைச் சொருகினார். எனக்குப் புரியவில்லை. அவர் இரண்டு முறை அடித்ததும் பெட்ரோல் அழுத்த மீட்டரின் முள் 3-லிருந்து மேலே ஏறத் தொடங்கியது. அப்போதுதான் பொறி தட்டியது: டர்போ கொடுக்கவேண்டிய 1.5 பாரை அவர் கையால் கொடுத்துக்கொண்டிருந்தார். முள் 4.5-ல் நின்றது.

30 நொடி. கேனில் 1.2 லிட்டர். மணிக்கு 144. வேண்டியதோ 146. வெறும் 2 லிட்டர்தான் குறைவு. ஆனால் கையிருப்பு என்று ஒன்றுமே இல்லை. வெயில் ஏறினாலோ, ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலோ அலமாரியில் இன்னொரு பிஸ்டன் சேர்ந்திருக்கும்.

மறுநாள் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, புது ரிலே வைத்து, எர்த்தைச் சுரண்டிச் சுத்தமான தகட்டில் இறுக்கினார். பழைய மெல்லிய வயரை வெட்டி எறியவில்லை. அதையே ரிலேயை இயக்கும் வயராக வைத்துக்கொண்டார். விபத்தில் எஞ்சின் நின்றால் இ.சி.யூ. அந்த வயரில் கரண்டை நிறுத்தும், ரிலே விடும், பம்ப் நிற்கும். நேரடியாக பேட்டரியில் கட்டிவிட்டால் உடைந்த குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

மறுபடியும் கேன், மறுபடியும் சைக்கிள் பம்ப். நண்பர் கைப்பேசியில் நொடிகளைச் சத்தமாக எண்ணினார். முப்பது என்றதும் மெக்கானிக் சுவிட்சை அணைத்து, கேனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனார். 1.7 லிட்டர்.

"அதே மோட்டாருதானுங்க" என்றார், பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றிக்கொண்டே.